சீமை பில்டரும் ஈப்போ பில்டரும்

மலாயாவில் தானா ராத்தா ஊர் ராவுத்தர் கடையில் டிரைவரண்ணனைப் பார்த்தபோதெல்லாம் கைக்கொரு டப்பாவாகப் பிடித்துக்கொண்டு நிற்பார். வலது கையில் சீமை பில்டர், இடது கையில் ஈப்போ பில்டர். கார் எஞ்சினுக்குள் ஓடும் எண்ணெயை வடிகட்டுகிற தகர டப்பாக்கள். சீமையிலிருந்து கப்பலேறி வருவது அடர்சிவப்பாக இருக்கும், அட்டைப்பெட்டிக்குள் எண்ணெய்க் காகிதம் சுற்றிப் பத்திரமாக வரும். அதைப் பார்த்து, மலைக்குக் கீழே ஈப்போ நகரத்துப் பட்டறைகளில் செய்வது பச்சை. ஈயம் வைத்து ஒட்டிய இடம் வெளியே தெரியும், பெட்டியும் கிடையாது. விலையில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

இவர் இரண்டையும் தூக்கிப் பார்ப்பார், காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பார், பெருமூச்சு விடுவார். கடைசியில் எதை வாங்கப்போகிறார் என்று ராவுத்தர் கடைப் பூனைக்குக்கூடத் தெரியும். இருந்தாலும் அந்தக் கூத்தை ஒரு தடவைகூட விட்டதில்லை. கடையில் நாலு பேர் இருக்கும்போதுதான் நடத்துவார். சிகரெட் வாங்க வந்த போலீஸ்காரர் யாராவது நின்றுவிட்டால் குரல் இன்னும் ஏறும்.

"ராவுத்தரே, இந்தப் பச்ச டப்பாவ மாட்டிக்கிட்டு மல எறங்க முடியாது. எண்ண அடைக்கும், சூடு ஏறும், வண்டி நடுரோட்டுல நின்னுரும். ஆறுனதுக்கப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடும். மோசக்கார டப்பா இது."

"சரிப்பா, அதான் தெரியுமே. செவப்பையே எடுத்துக்கிட்டுப் போ" என்பார் ராவுத்தர், பீடியைக் கடித்தபடி.

எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரி காரை ஓட்டியவர் அவர். பெயர் எல்லாருக்கும் தெரியும், ஆனால் யாரும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தோட்டம் முழுக்க அவருக்குச் சீமை என்றுதான் பெயர். "அதோ சீமை வருது" என்று பிள்ளைகள்கூடச் சொல்லும். நேரில் டிரைவரண்ணே, முதுகுக்குப் பின்னால் சீமை. நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். என் வாய் அப்போது இன்னும் நீளம்.

சீமை என்ற பெயருக்கு ஏற்ற எதுவும் அவரிடம் கிடையாது, அந்த டப்பாவைத் தவிர. சட்டைக் காலர் கிழிந்தால் பிரித்துத் திருப்பித் தைத்துக்கொள்வார். ஒரு பீடியைக் காலையில் பாதி, மத்தியானம் பாதி. தேநீரில் சீனி போடமாட்டார். தோட்டத்து ஆபீஸ் ஸ்டோரில் ஈப்போ பில்டர் சும்மா கொடுப்பார்கள். அதை வேண்டாமென்று சொல்லிவிட்டு, தன் சம்பளத்திலிருந்து சீமை பில்டர் வாங்கி, தோட்டத்து ஆஸ்பத்திரி காருக்கு மாட்டுவார். இப்படி ஒரு பிறவியை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? நாங்கள் பார்த்ததில்லை. பெரட்டுக் களத்தில் காலையில் பேர் கூப்பிடுவதற்காகக் காத்து நிற்கும்போது எங்களுக்குச் சிரிக்க அவர்தான் கிடைப்பார்.

ஒரு தடவை பெரிய துரையையே ஏற்ற மாட்டேன் என்றுவிட்டார். துரையின் சொந்தக் கார் பழுதாகி நின்றிருந்தது, ஆஸ்பத்திரி காரைக் கொண்டுவரச் சொன்னார். அன்றைக்கென்று பழைய பில்டரைக் கழற்றிப் போட்டிருந்தார், புது சீமை பில்டர் கைவசம் இல்லை. ஸ்டோர் கணக்கு எழுதுகிற கிராணி பச்சை டப்பாவை எடுத்து நீட்டினார். இவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். துரை கத்தினார். முகம் சிவந்து, தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டு, ஆங்கிலத்தில் என்னென்னவோ சொன்னார். இவர் ஒரே வார்த்தைதான் சொன்னார்.

"நின்னுரும் தொர."

அதற்குத் தண்டனையாகச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு மண் கொத்தும் முள்ளுக்குத்தியைத் தூக்கத் தேயிலைக் காட்டுக்கு அனுப்பினார்கள். அந்த மாதம் முழுக்க எங்களோடு மலைச்சரிவில் மண் கொத்தினார். பக்கத்து நிரையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த நான் சும்மா இருப்பேனா?

"ஏண்ணே, அந்த முள்ளுக்குத்தி சீமையா, ஈப்போவா?"

மற்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. அவருடைய தம்பி பெண்சாதி. எனக்கு நிரைத்தோழி, நாங்கள் குடியிருந்த லைன் வீடுகளிலும் பக்கத்து வீடு. நான் பேசுவதற்கெல்லாம் முதல் ஆளாகச் சிரிக்கிறவள் அன்றைக்குக் கூடையைத் தூக்கிக்கொண்டு அடுத்த நிரைக்குப் போய்விட்டாள். இவளுக்கு என்ன வந்தது என்று நினைத்தேன்.

அவள் புருஷன் அப்போது தடுப்பு முகாமில் இருந்தான்.

அது மலாயாவில் வெள்ளைக்காரன் அவசரகாலம் போட்டிருந்த நேரம். காட்டுக்குள் துப்பாக்கியோடு கம்யூனிஸ்ட் ஆட்கள், ரோட்டில் துப்பாக்கியோடு பட்டாளம், நடுவில் கொழுந்துக் கூடையோடு நாங்கள். லைன்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டு, கேட் வைத்து, காலையில் வெளியே போகும்போது தடவிப் பார்ப்பார்கள். மடியில் ஒரு பிடி அரிசி இருந்தால் போச்சு. காட்டு ஆட்களுக்குச் சோறு போடுகிறாய் என்று கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். கடையில் டப்பா எது வாங்கினாலும், பால் டப்பாவோ மீன் டப்பாவோ, கடைக்காரர் ஆணி வைத்து இரண்டு ஓட்டை போட்டுத்தான் கையில் தரவேண்டும். ஓட்டை போட்ட டப்பா கெட்டுப்போகும், காட்டுக்குப் போகாது என்று கணக்கு. ராவுத்தர் ஒருமுறை ஓட்டை போடாமல் ஒரு பால் டப்பாவைக் கொடுத்துவிட்டார் என்று கடைக்குப் பூட்டுப் போடவைத்தார்கள். பாவம், அதற்குப் பிறகு அவர் மேசையில் ஆணியும் சுத்தியலும் தராசுக்குப் பக்கத்திலேயே இருக்கும்.

தம்பி எங்கள் தோட்டத்து லாரி டிரைவர். தேயிலைப் பெட்டிகளை மலையடிவாரத்துத் தாப்பா ஊரில் இறக்கிவிட்டு, வரும்போது தோட்டத்துக்கு அரிசி ஏற்றிக்கொண்டு வருவான். கூட வந்த வண்டிகளுக்குப் பின்தங்கி, ஒரு வளைவில் அவன் லாரி தனியாக நின்றிருந்ததை ரோந்துக்காரர்கள் பார்த்தார்கள். மூட்டையில் ஒன்று குறைந்தது. சாவி போட்டதும் லாரி உடனே ஓடியது. பிறகு ஏன் நிறுத்தினாய் என்று கேட்டுப் பிடித்துப் போய்விட்டார்கள்.

அப்போதுதான் அண்ணன்காரர் இன்ஸ்பெக்டரிடம் போய் நின்றார். "தம்பி நிறுத்தலைங்க. ஆபீஸ்ல ஈப்போ பில்டர மாட்டிக் குடுத்தாங்க. சூடு ஏறி நின்னுருச்சு. ஆறுனதும் ஓடும், அது அப்படித்தான். நின்ன வண்டியில காட்டுக்காரனுங்க புடுங்கிக்கிட்டுப் போனா இவன் என்ன செய்வான்?" என்று சொன்னார். இன்ஸ்பெக்டர் பாதி நம்பினார், பாதி நம்பவில்லை. தம்பியை நாடு கடத்தாமல் முகாமில் வைத்திருந்தார்கள். நாலைந்து மாதத்துக்கு ஒருதரம் விசாரணை வரும். ஒவ்வொரு தடவையும் அண்ணன்காரரைக் கூப்பிட்டு ஒரே கேள்வியைக் கேட்பார்கள்.

"நீ அந்தப் பில்டரை மாட்டிக்கொண்டு மலை இறங்குவாயா?"

"தலய வெட்டுனாலும் எறங்க மாட்டேன் சார்."

துரையையே ஏற்ற மறுத்து மண் கொத்தினவன் என்று கேள்விப்பட்டதும் இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டினாராம். இதெல்லாம் தோழி எனக்குப் பிறகு சொன்னது. அன்றைக்குத் தெரிந்திருந்தால் முள்ளுக்குத்திக் கேலியை நான் பேசியிருக்க மாட்டேன். சரி, விடுங்கள்.

ஆஸ்பத்திரி கார் வழியில் எத்தனை சோதனைக் கேட்டில் நின்றாலும், அங்கெல்லாம் பானெட்டைத் திறப்பார்கள். எஞ்சின் பக்கத்தில் அரிசிப் பை ஒளித்திருக்கிறதா என்று பார்க்க. திறந்ததும் சிவப்பு டப்பா பளிச்சென்று தெரியும். இவர் தினமும் அதைத் துடைத்து வைப்பார். எண்ணெய் பிசுக்கு ஒட்டாத பில்டரை அந்த மலையில் அவர் காரில்தான் பார்க்கலாம். டிரஸ்ஸர், அதாவது எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர், "பொண்டாட்டி இருந்தா இந்தக் கவனிப்பு அதுக்குக் கெடச்சிருக்கும்" என்று சொல்வார். டிரைவரண்ணனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. தம்பி வந்தபிறகு பார்க்கலாம் என்பார்.

இப்போது என் மகளுக்கு வருகிறேன்.

அவளுக்கு அப்போது பேச்சு வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. நாள் முழுக்கக் கத்திக்கொண்டே இருப்பாள். பிள்ளை மடுவத்து ஆயா, தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவள், "ஒம் மக தொண்டைக்கு ஒரு மூடி போடு" என்று சொன்னது நினைவிருக்கிறது. மழைக்காலத்தில் ஒரு நாள் காய்ச்சல் வந்தது. மறுநாள் சத்தம் போய்விட்டது. அழுதாள், வாய் திறந்தது, ஒன்றும் கேட்கவில்லை. டிரஸ்ஸர் கரண்டிக் காம்பால் நாக்கை அமுக்கிப் பார்த்தார். உள்ளே சாம்பல் நிறத்தில் தோல் மாதிரி ஏதோ படர்ந்திருந்தது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"தொண்ட அடைப்பான். இதுக்கு ஊசி நம்மகிட்ட இல்ல, கீழதான் போகணும். இன்னிக்கு சாயந்தரத்துக்குள்ள போட்டா பொழைக்கும். இல்லேன்னா மூச்சு நின்னுரும்மா."

கார் எங்கே என்று கேட்டேன். எனக்கே தெரியும், கார் நிற்கிறது. சீமை பில்டர் ஒட்டு விட்டு ஒழுகியதால் கழற்றிப் போட்டு, புதுசுக்குச் சொல்லி அனுப்பி, அது வரும்வரை எடுக்க மாட்டேன் என்று டிரைவரண்ணன் பிடிவாதமாக இருந்தார். மாதக் கடைசிக்குள் கார் ஓடாவிட்டால் வேறு டிரைவர் என்று துரை சொல்லியும் மசியவில்லை. துரையின் கார் துரையோடு ஈப்போவுக்குப் போயிருந்தது. காய்கறி லாரிகள் கவச வண்டியோடு சேர்ந்து காலையில் இறங்கும். அதில் ஏறிப் போகலாம், ஆனால் ஒவ்வொரு கேட்டிலும் கூடைகளைக் கவிழ்த்து ஒவ்வொரு முட்டைக்கோஸாகத் தட்டிப் பார்ப்பார்கள். கீழே போய்ச் சேரும்போது இருட்டிவிடும். ஆஸ்பத்திரி கார் என்றால் கவச வண்டிக்கு அடுத்து விடுவார்கள், பானெட்டைப் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். என் மகளுக்கு அந்தக் காரை விட்டால் வேறு கதி இல்லை.

நல்லவேளை, சீமை பில்டர் ராவுத்தர் கடைக்கு முந்தின நாள் சாயங்காலம் வந்துவிட்டதாகச் செய்தி இருந்தது. ஊரடங்கு எடுத்ததும் என் வீட்டுக்காரர் சைக்கிளை மிதித்துக்கொண்டு ஓடினார். நான் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்தேன். அவள் மூச்சு இழுக்கும்போதெல்லாம் நெஞ்சுக்குழி உள்ளே போனது. இழுக்கும் சத்தம் கேட்டால் உயிர் இருக்கிறது, கேட்காவிட்டால் குனிந்து பார்ப்பேன். டிரைவரண்ணன் எண்ணெய் ஊற்றி, டயரைத் தட்டிப் பார்த்து, பில்டர் மாட்டும் இடத்தைத் தவிர எல்லாவற்றையும் தயார் செய்துவிட்டு ரோட்டைப் பார்த்து நின்றார்.

என் வீட்டுக்காரர் வியர்த்து வழிய வந்து சேர்ந்தார். சட்டைக்குள்ளிருந்து டப்பாவை எடுத்து நீட்டினார். அடர்சிவப்பு. அட்டைப்பெட்டி மழையில் ஊறிப் பிய்ந்துவிட்டதாம், வெறும் டப்பாதான். டிரைவரண்ணன் வாங்கினார். திருப்பினார். அப்படியே நின்றுவிட்டார்.

டப்பாவின் தலையில் இரண்டு ஓட்டைகள். ஆணி வைத்து அடித்த, நல்ல, சுத்தமான ஓட்டைகள்.

ராவுத்தர் கெட்டவர் இல்லை. என் மகளுக்கு எப்படி இருக்கிறது என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டே, கண்ணீர் விட்டுக்கொண்டே, கைப்பழக்கத்தில் அடித்திருக்கிறார். எதிரே பட்டாளத்துக்காரன் வேறு நின்றிருந்தான். டப்பா என்றால் ஓட்டை. என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டுதான் நின்றார், அவருக்கும் உறைக்கவில்லை. ஓட்டை இல்லாத டப்பாவைக் கண்டால்தான் அந்தக் காலத்தில் எங்களுக்குப் பயம் வரும். இந்த மாதிரி ஒரு தப்பை உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரனும் செய்திருக்க மாட்டான்.

டிரைவரண்ணன் சோப்பைப் பிசைந்து ஓட்டையில் அப்பி, மேலே சணலைச் சுற்றி மாட்டினார். எஞ்சினை உறுமவிட்டதும் சோப்பு தெறித்துப்போய் எண்ணெய் அவர் முகத்தில் பீய்ச்சியது. நிறுத்திவிட்டு இறங்கினார். முகத்தைத் துடைக்கவில்லை. கீழே, தானா ராத்தா பக்கம், கவச வண்டி கிளம்புவதற்கு முன் அடிக்கும் ஹாரன் கேட்டது.

ஸ்டோர் கிராணி பச்சை டப்பாவை எடுத்துக்கொண்டு ஏற்கெனவே வந்து நின்றிருந்தார். "இத மாட்டிக்கிட்டுப் போப்பா. புள்ள சாகப் போவுது" என்றார். டிரஸ்ஸரும் சொன்னார். என் வீட்டுக்காரர் காலில் விழுந்தார். டிரைவரண்ணன் அசையவில்லை. நான் என்ன செய்தேன்? திட்டினேன். மனுஷன்தானா நீ என்று கேட்டேன். ஒரு தகர டப்பாவுக்காக என் பிள்ளையைக் கொல்லுகிறாயே, உன் குடும்பம் விளங்குமா என்று கேட்டேன். என் குரல் பக்கத்து மலைவரைக்கும் போயிருக்கும். என் மடியில் இருந்ததற்குத்தான் குரல் இல்லை.

அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் நின்ற தம்பி பெண்சாதியைப் பார்த்தார். நான் திரும்பிப் பார்த்தேன். அவள் தன் மகனை இடுப்பில் வைத்திருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. பிள்ளையின் மூச்சு இழுக்கும் சத்தம்தான் கேட்டது.

அவள் மகனைக் கீழே இறக்கிவிட்டாள். கிராணியிடம் போய்ப் பச்சை டப்பாவை வாங்கினாள். கொண்டுவந்து அவர் கையில் வைத்தாள்.

"மாட்டுங்க மாமா."

"புள்ள..."

"எனக்குத் தெரியும். மாட்டுங்க."

அவர் மாட்டினார். கை பழகிய வேலை, சீக்கிரம் முடிந்தது. போக அனுமதிச் சீட்டு என் ஒருத்திக்குத்தான் இருந்தது. பிள்ளையோடு பின்சீட்டில் ஏறினேன். கார் கிளம்பும்போது தோழி கதவுக் கண்ணாடியைத் தொட்டாள். அவள் செய்தது என்ன என்று எனக்கு அப்போது தெரியாது.

மூடுபனியில் கவச வண்டியின் பின்விளக்கைப் பிடித்துக்கொண்டு இறங்கினோம். வளைவுக்கு மேல் வளைவு. இரண்டு பக்கமும் காடு. எந்த மரத்துக்குப் பின்னால் யார் என்று தெரியாத ரோடு அது. ஆனால் அன்றைக்கு எனக்குக் காட்டு ஆளும் தெரியவில்லை, பட்டாளமும் தெரியவில்லை. எஞ்சின் சத்தம், பிள்ளையின் மூச்சு, இந்த இரண்டையும்தான் மாற்றி மாற்றிக் கேட்டேன். இப்போது நிற்கும், இதோ நின்றுவிடும் என்றே எண்ணிக்கொண்டு வந்தேன். இத்தனை வருஷம் அவர் வாயால் கேட்ட பேச்சு மண்டைக்குள் ஏறியிருந்தது. எண்ண அடைக்கும், சூடு ஏறும், நின்னுரும்.

ஒரு வளைவு வந்தது. இடதுபக்கம் ஒரு சின்ன அருவி. அவர் வேகத்தைக் குறைக்கவில்லை.

"இங்கதாம்மா தம்பி நின்னது" என்றார்.

அவர் ரோட்டைப் பார்த்தபடியே பேசினார்.

"வண்டி நிக்கல. அவந்தான் நிறுத்துனான். காட்டுலேருந்து கைகாட்டுனவன் நம்ம தோட்டத்துப் பய. நம்ம லாரியில சாக்கு தூக்குனவன். பசிக்குதுண்ணேன்னு சொன்னானாம். இவன் ஒரு மூட்டைய எறக்கிக் குடுத்துட்டான். ஸ்டேஷன்ல எங்கிட்டச் சொல்லி அழுதான். பில்டர் கதைய நாந்தான் கட்டுனேன்."

எனக்கு அவர் சொன்னதில் பாதி மண்டையில் ஏறவில்லை. ஏறியது ஒன்றே ஒன்றுதான். அதைத்தான் கேட்டேன்.

"அப்ப இந்த பில்டர் ஓடுமாண்ணே?"

அவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். முகத்தில் காலையில் பீய்ச்சிய எண்ணெய் அப்படியே காய்ந்திருந்தது.

"ஓடும்மா. நல்லா ஓடும். பயப்படாத."

அந்த நிமிஷம் எனக்கு வந்த நிம்மதியை எப்படிச் சொல்வது? அவர் வீடு இடிந்து விழுகிற சத்தம் அது. எனக்கு அது தாலாட்டு மாதிரி இருந்தது.

இன்னும் கொஞ்ச தூரம் போனதும் மறுபடி பேசினார். "கீழ் கேட்டுக்கு முன்னாடி நானா நிறுத்திட்டு, சூடாயிருச்சுன்னு சொல்லிக் கொஞ்ச நேரம் கழிச்சுப் போலாமான்னு பாத்தேன். கத பொழச்சுக்கும். பாப்பா மூச்சு இழுக்குது பாரு, அதக் கேட்டுக்கிட்டு எப்படிம்மா நிறுத்துறது?"

நிறுத்தவில்லை.

கீழ் கேட்டில் இருந்த போலீஸ் சார்ஜன் மலாய்க்காரர். தம்பியின் விசாரணைக்கு அண்ணன்காரரை இன்ஸ்பெக்டரிடம் கூட்டிக்கொண்டு போனவரே அவர்தான். பானெட்டைத் திறந்தார். நான் பின்சீட்டிலிருந்து பக்கக் கண்ணாடி வழியாக எட்டி அவர் முகத்தைப் பார்த்தேன். அரிசி தேடிய கண் ஒரு இடத்தில் நின்றது. குனிந்து, விரலின் பின்பக்கத்தால் பச்சை டப்பாவைத் தொட்டுப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து டிரைவரண்ணனைப் பார்த்தார்.

"சம்பாய் ஜுகா" என்றார். வந்து சேர்ந்துவிட்டதே என்று அர்த்தம்.

"யா, துவான்."

அதற்கு மேல் சார்ஜன் கேட்கவில்லை. கொடுமைக்காரர் இல்லை அவர். என் மடியில் கிடந்ததை எட்டிப் பார்த்ததும் பானெட்டை மூடி, தடுப்புக் கட்டையைத் தானே ஓடிப் போய்த் தூக்கினார். ஆனால் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று ஆக்க முடியுமா? அவருக்கும் ஒரு மேலதிகாரி இருந்தார்.

கீழ் ஆஸ்பத்திரியில் பிள்ளைக்கு ஊசி போட்டார்கள். அன்றைக்குப் பொழுது சாயும்வரை டிரைவரண்ணன் ஆஸ்பத்திரி வாசலில் காரிலேயே உட்கார்ந்திருந்தார். பிள்ளைக்கு மூச்சு தேறுகிறது என்று நான் வந்து சொன்னபோது ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதார். பிள்ளைக்காகவா, தம்பிக்காகவா? நான் கேட்கவில்லை, எனக்கும் அழுகை வந்தது. இரண்டு பேரும் அழுதோம்.

அடுத்த விசாரணைக்கு இன்ஸ்பெக்டர் மலைக்கே வந்தார். அதட்டவில்லை. "அந்த பில்டரை மாட்டிக்கொண்டு இறங்கினாயாமே?" என்று கேட்டாராம். இவர் ஆமாம் என்றார். வழியில் நின்றதா? இல்லை. அவ்வளவுதான் பேச்சு. மழைக்காலம் முடிவதற்குள் தம்பியை நாடு கடத்துகிற உத்தரவு வந்துவிட்டது. பெண்சாதியும் பிள்ளையும் விரும்பினால் கூடப் போகலாம். நாகப்பட்டினத்துக்குக் கப்பல்.

தோழி பிறந்தது எங்கள் தோட்டத்து மூன்றாவது லைனில். இந்தியாவை அவள் படத்தில்கூடப் பார்த்ததில்லை. போகிற காலையில் என் வீட்டுக்கு வந்தாள். நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டேன். என்ன சொல்லி அழுதேன் என்று நினைவில்லை. அவள் என்னைத் தூக்கி நிறுத்தினாள்.

"நீ எதுக்குடி அழுவுற? நாந்தானே எடுத்துக் குடுத்தேன்."

என் மகள் அப்போது எதற்கோ அடம்பிடித்துக் கத்திக்கொண்டிருந்தாள். தோழி அவளையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தன் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு லாரி ஏறப் போய்விட்டாள். ஊரிலிருந்து அவளைப் பற்றி ஒரு சேதியும் எனக்கு வரவில்லை. டிரைவரண்ணனுக்கு வந்ததா என்று கேட்கும் தைரியம் கடைசிவரை எனக்கு வரவில்லை.

அவர் தொடர்ந்து ஆஸ்பத்திரி காரை ஓட்டினார். யாரும் அவரைச் சீமை என்று கூப்பிடவில்லை. அந்தப் பெயர் எப்போது உதிர்ந்தது என்று எங்களுக்கே தெரியாது. கல்யாணப் பேச்சையும் யாரும் எடுக்கவில்லை.

ஒரு சம்பளத்துக்கு மறுநாள் ராவுத்தர் கடைக்கு மகளோடு போயிருந்தேன். ஆபீஸ் ஸ்டோரில் பில்டர் தீர்ந்திருந்ததால் அவரும் வந்தார். ராவுத்தர் அவரைப் பார்த்ததும் எழுந்து, உள்ளே போய், அலமாரியின் அடியிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை எடுத்து வந்தார். பிரிக்காத சீமை பில்டர். அந்த நாளிலிருந்து ராவுத்தரை மனம் அறுத்துக்கொண்டிருந்தது என்று எனக்குத் தெரியும். மேசையிலிருந்த ஆணியையும் சுத்தியலையும் முதலில் தூர ஒதுக்கிவிட்டு, பெட்டியை இரண்டு கையாலும் நீட்டினார்.

"ஒனக்காக எடுத்து வச்சேன்பா. பணம் வேணாம். ஓட்டை இல்ல, பாத்துக்க."

அவர் பெட்டியைத் தொடவில்லை.

"பச்சயே குடுங்க ராவுத்தரே. ரெண்டும் ஒண்ணுதான்."

சத்தமாகச் சொல்லவில்லை. கடையில் நின்ற போலீஸ்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ராவுத்தர் பச்சை டப்பாவை எடுத்து மேசையில் வைத்தார்.

அந்த நேரம் பார்த்து என் மகள் இனிப்பு ஜாடிக்குப் பக்கத்திலிருந்து, "அம்மா, எனக்கு இது வேணும்" என்று கடை அதிரக் கத்தினாள். நான் அடிக்கக் கை ஓங்கினேன். டிரைவரண்ணன் என் கையைப் பிடித்துத் தடுத்தார். குனிந்து அவள் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார்.

"இன்னொரு தடவ சொல்லு பாப்பா" என்றார். "சத்தமா சொல்லு. மாமா கேக்கணும்."

அவள் சொன்னாள். அவர் கண்ணை மூடிக் கடைசிவரை கேட்டுவிட்டு, எழுந்து, பச்சை டப்பாவை எடுத்துக்கொண்டு காருக்குப் போனார்.